சாட்ஜிபிடி எழுதித் தரும் தமிழ் ஏன் மொழிபெயர்ப்பு போல இருக்கிறது? எப்படித் திருத்துவது?

நான் முதலில் தேடுவது 'மற்றும்' என்ற சொல்லைத்தான். 'அம்மா மற்றும் அப்பா வந்தனர்' என்று யார் வீட்டில் பேசுகிறோம்? 'அம்மாவும் அப்பாவும் வந்தார்கள்'. ஆங்கிலத்தில் 'and' என்று தனிச்சொல்லாக நிற்பதை நம் மொழியில் ஓர் 'உம்' முடித்துவிடும்.

அப்புறம் 'ஒரு', 'ஆவார்', 'ஆகும்'. 'அவர் ஒரு ஆசிரியர் ஆவார்' என்பதை 'அவர் ஆசிரியர்' என்று சுருக்கினால் எதுவும் குறையாது. 'வந்தேன்' என்பதிலேயே 'நான்' இருக்கிறது. வரிக்கு வரி 'நான்' வேண்டாம். 'அம்மாவால் சமைக்கப்பட்டது' என்று வந்தால் 'அம்மா சமைத்தார்' என்று மாற்றுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிடலாம்.

சரி, இலக்கணம் திருந்தினாலும் உயிர் வராது. அதற்கு உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் உள்ளே வரவேண்டும். தாத்தாவின் நினைவுநாளுக்குச் சில வரிகள் கேட்டபோது, சாட்ஜிபிடி 'அன்பும் பண்பும் நிறைந்தவர்' என்று எழுதித் தந்தது. எல்லாத் தாத்தாவுக்கும் பொருந்தும் வரி. அதை எடுத்துவிட்டு, 'மழை தூறினால் குடையைத் தேடமாட்டார், மாட்டுக் கொட்டகைக்கு ஓடுவார்' என்று எழுதினேன். படித்துக்கொண்டே வந்த அம்மா அந்த வரியில் நின்றுவிட்டார்.