மலை ரயில் நிலையங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மேட்டுப்பாளையம் ரயில் குன்னூரில் நின்று, கொஞ்ச தூரம் பின்னால் போய், அதற்குப் பிறகுதான் ஊட்டிக்கு ஏறுகிறது. நிலையத்தை ஏன் இப்படி அமைத்தார்கள்?
– வாசகி, வெலிங்டன்

பதில்: 1899 ஜூனில் பாதை திறந்தபோது குன்னூர்தான் கடைசி நிலையம். ஊட்டி வரை ரயில் போனது 1908 அக்டோபரில். ஒன்பது ஆண்டு எல்லையாக இருந்த இடத்திலிருந்து, பிறகு மேலே பாதை எடுத்தார்கள். நிலையம் சமதளத்தில் இருக்க வேண்டும். ஊட்டிப் பாதையோ உடனே ஏற ஆரம்பிக்கிறது. அதனால்தான் வண்டி சற்றுப் பின்வாங்கி அந்தப் பாதையைப் பிடிக்கிறது.

குன்னூரின் இன்னொரு முக்கியத்துவம், பல் தண்டவாளம் அங்கே முடிவது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 19 கி.மீ. தூரத்துக்கு 12 அடிக்கு 1 அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும். எனவே நடுவில் இரண்டு பல் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வரும். எஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போது அடுத்ததைப் பிடித்திருக்கும். இது சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட்டின் முறை. ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும்; இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடாது. குன்னூருக்கு மேல் ஏற்றம் ஏறக்குறைய பாதிதான். பல் பட்டை தேவையில்லை. குன்னூரிலேயே நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினைப் பூட்டுகிறார்கள். குன்னூர் நிலையத்தைப் பார்க்கும்போது முகப்போடு நின்றுவிடாமல், எஞ்சின் கொட்டகையையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் நிலையத்தின் ஓர் அங்கம்தான்.

கேள்வி: கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஊரே இல்லாத ஹில்குரோவிலும் ரன்னிமேடிலும் நிலையம் எதற்கு?
– வாசகர், காரமடை

பதில்: தண்ணீருக்கு. அந்த ஏற்றத்தில் கொதிகலன் நீரை வேகமாகக் குடித்துவிடும். நீர்மட்டம் இறங்கி நெருப்புப் பெட்டியின் மேல்தகடு வெளியே தெரிந்தால் தகடு காய்ந்து கெடும். அப்படி ஆகாமல் இருக்க அந்தத் தகட்டில் ஈயத் தக்கை ஒன்று உண்டு. அது உருகி நீராவியை நெருப்பின்மேல் விட்டுவிடும். பிறகு வண்டி நகராது. ஆகவே ஆள் ஏறும் இடம் பார்த்து அல்ல, எஞ்சினின் தாகம் பார்த்து வைத்த நிலையங்கள் அவை.

கேள்வி: இந்தப் பாதையில் உயரமான நிலையம் ஊட்டிதானே?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இல்லை, லவ்டேல். அதைத் தாண்டிய பிறகு வண்டி ஊட்டிக்கு இறங்கித்தான் போகிறது.

கேள்வி: எங்கள் வீடு ரயில் நிலையம் கட்டிய காலத்துக் கல் கட்டடம். கல் இணைப்புகளில் சிமென்ட் பூசினோம். இப்போது உட்சுவர் ஊறுகிறது. என்ன செய்வது?
– வாசகி, குன்னூர்

பதில்: மலையெங்கும் பழைய கட்டடங்களுக்கு நடக்கும் கேடு இது, பார்க்கவே மனம் கனக்கிறது. நீலகிரியின் சார்னோக்கைட் கல் கெட்டியானது, நீரை உறிஞ்சாது. சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற இணைப்பிலுள்ள சுண்ணாம்புக் காரைதான் வழி. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் உள்பக்கம் திரும்பிவிட்டது.

முதலில் கூரை ஒழுகலையும் மழைநீர் வடிகாலையும் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு சிமென்டைக் கையுளியால் மட்டும் செதுக்கி எடுங்கள். கட்டிங் மெஷின் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். இணைப்பின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். நீற்றிச் சில வாரம் ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கி (செங்கல் பொடி) 1, சலித்த மணல் 2. கல்லை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வைக்காமல் அடுக்கடுக்காக அடைக்க வேண்டும். மொத்தமாக அப்பினால் வெடிக்கும். ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் மூடிவையுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் தொடவே வேண்டாம். காரை இறுகுமுன் உறைந்து உதிரும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். உட்சுவருக்கு எமல்ஷன் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடியுங்கள். ஊறிய சுவர் முழுதும் காய ஒரு கோடையாவது பிடிக்கும்.