கேள்வி–பதில்: சிப்பாயும் துபாஷியும்

சென்ற இதழில் வெளிநாட்டில் பணியாற்றும் படைகளைப் பற்றி நாலு வரி எழுதப்போக, வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: பாஷை தெரியாத ஊரில் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? சரி, இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே.

கே: போகிற நாட்டின் மொழியைப் படித்துவிட்டுத்தான் ராணுவத்தினர் போகிறார்களா?

ப: சிலர் மட்டும். மற்றவர்களுக்கு நேரம் கிடையாது. அமெரிக்க ராணுவத்தின் மொழிப்பள்ளி கலிஃபோர்னியாவில், மான்டரே என்ற ஊரில் இருக்கிறது. அங்கே ஸ்பானிஷ் படிக்க 36 வாரம். அரபி, சீனம், கொரியன், ஜப்பானியம் என்றால் 64 வாரம். அதுவும் வேறு வேலை எதுவும் பார்க்காமல் நாள் முழுக்க அதே படிப்பாக இருந்தால்தான். ஆனால் ஒரு சாதாரணப் படைப்பிரிவை வெளிநாட்டுக்கு அனுப்பினால் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள். அரபி மாதிரி மொழிக்குப் படிக்கிற காலம் வேலை பார்க்கிற காலத்தைவிட நீளமாக இருக்கிறது, கணக்கு அங்கேயே உதைக்கிறது. அதனால் உளவுப் பிரிவு, சிறப்புப் படை மாதிரி ஒரு பகுதியினரை முறையாகப் படிக்கவைத்துவிட்டு, மற்ற சிப்பாய்களுக்குச் சில நாள் வகுப்பு, சட்டைப்பையில் வைத்துக்கொள்ள நாலு வாக்கியம் அச்சடித்த ஒரு அட்டை, அவ்வளவோடு முடித்துவிடுகிறார்கள். இது இன்று நேற்றுப் பழக்கமும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் இராக்குக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1943ல் ஒரு கையடக்கப் புத்தகம் கொடுத்தார்கள், ஊர்ப் பழக்கவழக்கத்தோடு அரபிச் சொற்களும் உச்சரிப்பும் போட்டு. அறுபது வருடம் கழித்து அதே நாட்டில் மறுபடி அவர்கள் படை போய் நின்றபோது அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி மறுபதிப்பே போட்டார்கள்.

கே: 64 வாரம் படித்தவராவது போய் இறங்கியதும் சரளமாகப் பேசிவிடுவாரா?

ப: இதைத் தமிழர்களுக்குப் புரியவைப்பது சுலபம். ஒருவர் வகுப்பில் ‘நீங்கள் எங்கு செல்கிறீர்கள்’ என்று படித்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் ‘எங்க போறீங்க’ என்பதைக் கேட்டால் எப்படி முழிப்பார், அதே கதைதான். ‘உனக்கு என்ன வேண்டும்’ என்பதற்குப் புத்தக அரபியில் ‘மாதா துரீத்’. பாக்தாத் தெருவில் அது ‘ஷ்த்ரீத்’ என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். ஆஃப்கானிஸ்தானில் இன்னும் சங்கடம், காந்தஹார் பக்கத்துக்காரர் ‘பஷ்தோ’ என்று சொல்கிற அதே மொழியின் பெயரை எல்லை தாண்டிப் பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவர் பக்கத்துக்காரர் ‘பக்தோ’ என்பார். பெயரிலேயே இப்படி என்றால் மற்றதைச் சொல்ல வேண்டுமா?

கே: பாஷை தெரிந்த ஒருவரை, அதாவது ஒரு துபாஷியை, கூட வைத்துக்கொண்டால் போதாதா? சொன்னதை அப்படியே மாற்றிச் சொல்லிவிடப் போகிறார், இதில் என்ன கஷ்டம்?

ப: ‘அப்படியே’ என்ற சொல்லில்தான் வினையே. ஒரு காட்சி சொல்கிறேன், கற்பனைதான், ஆனால் இந்த வேலை பார்த்தவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு கிராமத்தில் ஊர்ப் பெரியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி அவரைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, “நேற்று ராத்திரி இந்தப் பக்கம் யாராவது வந்தார்களா, கேள்” என்கிறார். பெரியவர் இரண்டு நிமிடம் பேசுகிறார். நடுவில் மேற்கே கையைக் காட்டுகிறார், ஒருமுறை கசப்பாகச் சிரிக்கிறார், கடைசியில் குரல் இறங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் திரும்பி, “யாரும் வரலையாம் சார்” என்கிறார்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்ன இருந்தது? மேற்கே இருப்பது வாய்க்காலா, வேறு ஊரா, பங்காளி வீடா? போன முறை வந்த படைக்காரர்கள் கொடுத்த வாக்கு நடக்கவில்லை என்று சொன்னாரா? ‘இத்தனை பேர் நடுவில் கேட்டால் என்ன சொல்லட்டும்’ என்றாரா? எல்லாம் ‘வரலையாம்’ என்ற ஒரு சொல்லில் போயே போய்விட்டது. மொழிபெயர்ப்பாளரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அதிகாரி கேட்டது ஆமாவா இல்லையா என்கிற கேள்வி, அவரும் அதற்கான பதிலைத்தான் கொடுத்தார்.

விவரம் தெரிந்த அதிகாரி என்ன செய்வார் என்றால், கூட்டத்துக்குப் போகுமுன்பே மொழிபெயர்ப்பாளரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து எதற்காகப் போகிறோம், எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுவார். அங்கே போனதும் பெரியவர் முகத்தைப் பார்த்து, “நேற்று ராத்திரி நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்று நேராகக் கேட்பார், மொழிபெயர்ப்பாளரும் ‘அவர் சொல்கிறார்’ என்று இழுக்காமல் ‘நான் பார்த்தேன்’ என்றே மாற்றிச் சொல்வார். ஒன்றிரண்டு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்த வேண்டும். ராணுவத்துக்காரர்கள் வாயைத் திறந்தால் சுருக்கப்பெயரும் குழூஉக்குறியுமாக வரும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். எல்லாம் முடிந்து வண்டியில் ஏறிய பிறகுதான் முக்கியமான கேள்வி: “அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது என்ன?” இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதில் சில சமயம் மொத்தக் கூட்டத்தைவிட மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

கே: மொழிபெயர்ப்பாளர் பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: வேண்டுமென்று பொய் சொல்பவரைவிட, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுபவர்தான் நிறைய. காபூலில் வளர்ந்து தாரி மொழி பேசியவரை ஆஃப்கானிஸ்தானின் தெற்கே பஷ்தோ பேசும் ஹெல்மண்ட் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அவர் என்ன செய்வார், பாதியை ஊகித்துத்தான் சொல்வார். இன்னொன்று, சிப்பாய்க்கே நூறு சொல் தெரிந்திருந்தால் பேச முடியாவிட்டாலும் ‘இரண்டு’ என்று காதில் விழுந்தது ‘ஐந்து’ என்று மாறி வருவதைப் பிடித்துவிடலாம். அரைகுறையாகப் படிப்பதற்கும் பலன் உண்டு.

கே: கைபேசியிலேயே மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு?

ப: அந்த ஆசை ராணுவத்துக்கு நம்மைவிட முன்னாலேயே வந்துவிட்டது. ஆஃப்கானிஸ்தானிலும் இராக்கிலும் ‘ஃப்ரேசலேட்டர்’ என்று கையில் பிடிக்கிற ஒரு கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைச் சொன்னால், முன்பே பதிவுசெய்த உள்ளூர் மொழி வாக்கியத்தை அது ஒலிபரப்பும். எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்வதை மாற்றித் தராது, ஒருவழிப் பாதைதான். ‘கையைத் தூக்குங்கள்’, ‘எங்கே வலிக்கிறது’ மாதிரி விஷயங்களுக்குச் சரி, வலிக்கிற இடத்தைக் கையால் காட்டிவிடுவார்களே. இப்போதைய செயலிகள் இருவழி, எவ்வளவோ தேவலை. ஆனால் நெட்வொர்க் இல்லாத மலையில், காற்றிரைச்சலில், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, யார் சொல்வதற்கு யார் முகம் சுளித்தார் என்பதை எந்தச் செயலி சொல்லும்?

கே: போர்ச் செய்திப் படங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் முகத்தை மூடியிருக்கிறார்களே, ஏன்?

ப: சிப்பாய்க்கு ஊருக்குத் திரும்பும் தேதி உண்டு, மொழிபெயர்ப்பாளருக்கு அதுதான் ஊர். சாயங்காலம் வேலை முடிந்து போகிற தெருவில் யாராவது அடையாளம் கண்டுகொண்டால் அவரோடு போகாது, அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லாருக்கும் ஆபத்து. அதனால் இராக்கில் முகமூடியும் பொய்ப் பெயருமாகவே பலர் வேலை பார்த்தார்கள். 2008ல் பாக்தாத்தில் அமெரிக்க ராணுவம் அந்த முகமூடிக்கே தடை போட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு தடையைத் தளர்த்தினார்கள். பத்திரமான கட்டடத்துக்குள் உட்கார்ந்து போட்ட விதி என்று எனக்குத் தோன்றுகிறது, வேறு என்ன சொல்ல.

விசா கதையையும் கேளுங்கள். இராக், ஆஃப்கானிஸ்தான் இரண்டு நாட்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சேர்த்து 2006ல் அமெரிக்கா ஒதுக்கிய சிறப்பு விசா வருடத்துக்கு 50. அடுத்த வருடமே அதை 500 ஆக்க வேண்டியதாயிற்று. அப்புறம் தனித்தனிச் சட்டம் வந்து எண்ணிக்கையைக் கூட்டியும், 2021 ஆகஸ்ட் 15ல் காபூல் தாலிபான் கையில் விழுந்தபோது விசா பாக்கியாக ஆயிரக்கணக்கானோர் அங்கேயே இருந்தார்கள். விமான நிலைய வாசலில், தங்களை வேலைக்கு வைத்திருந்த அதிகாரிகள் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதுவரை ரகசியமாக மறைத்து வைத்திருந்த காகிதம் அது.

கே: படையிலேயே அந்த மொழி பேசும் வம்சாவளியினர் இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

ப: மொழிப் பிரச்சினை தீரும். மான்டரே பள்ளிக்கு வித்திட்டதே அந்த யோசனைதான். 1941 நவம்பர் 1ல், ஜப்பான் நடத்திய பெர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஐந்து வாரம் முன்பு, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு காலி விமானக் கொட்டகையில் 60 மாணவர்களோடு ஜப்பானிய வகுப்பு தொடங்கினார்கள். இருவர் தவிர மற்ற அனைவரும் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள். மறு வருடம் அதே அரசாங்கம் மேற்குக் கடற்கரை ஜப்பானியக் குடும்பங்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. அப்பா அம்மா முள்வேலிக்குள் இருக்க, பிள்ளைகள் பசிபிக் தீவுகளில் எதிரியின் கடிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கே: கைதியிடம் அவருக்குப் புரியாத மொழியில் விசாரணை நடத்தலாமா?

ப: கூடாது. போர்க் கைதிகளுக்கான 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவு, அவருக்குப் புரியும் மொழியில்தான் கேட்க வேண்டும் என்கிறது.

கே: என் அண்ணன் மகன் ஐ.நா. அமைதிப்படையில் கிழக்குக் காங்கோவுக்குப் போகிறான். மொழிக்கு என்ன தயார் செய்வது?

ப: ஆட்சிமொழி பிரெஞ்சு, கிழக்கே மக்கள் வாயில் ஸ்வாஹிலி. முழுதாகக் கற்க ஆசைப்பட்டு ஒன்றுமே கற்காமல் போவதைவிட, வணக்கத்துக்கு ‘ஜாம்போ’, நன்றிக்கு ‘அசாந்தே’, அப்புறம் ‘பொலே பொலே’. மெதுவாக என்று அர்த்தம், எதிரில் இருப்பவர் கடகடவென்று பேச ஆரம்பித்ததும் கைகொடுக்கும். எண்கள் ஒன்றிலிருந்து பத்து வரை கட்டாயம். ஐ.நா. பணியில் ‘மொழி உதவியாளர்’ என்றே ஊர்க்காரர்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். காங்கோவில் முகாமிலேயே தங்கி ஊர்மக்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் உள்ளூர் உதவியாளர்களும் உண்டு. போனதும் அவர்களில் ஒருவரைப் பிடித்து, சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுத் தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உதவி கேட்டு வருகிறவர் சொல்கிற ஊர் காதில் தப்பாக விழுந்தால், வண்டி வேறு ஊரில் போய் நிற்கும்.