சிங்கப்பூர்ப் பயணம்: அறை, உணவு, இரவு, கப்பல் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எத்தனை பேர், எந்த மாதம், சைவமா அசைவமா என்ற மூன்றையும் எழுதாமல் "நல்ல ஹோட்டலாக ஒன்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டிருந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். தொகைகள் அனைத்தும் சிங்கப்பூர் வெள்ளியில், தோராயமாகச் சொல்லப்பட்டவை. ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டில் இந்தியாவில் நாளொன்றுக்கு 110 வெள்ளிக்கு அறை கிடைக்கிறது. கேலாங் பகுதியில் 80 வெள்ளிக்கே கிடைக்கிறது. மனைவி, இரு குழந்தைகளுடன் எங்கே தங்கலாம்? – திண்டுக்கல் வாசகர்

லிட்டில் இந்தியாவிலேயே தங்குங்கள். கேலாங்கில் உணவு நன்றாக இருக்கும். ஆனால் அங்கே இரட்டைப்படை எண்ணுள்ள லோரோங் சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதியாக அறியப்பட்டவை என்பதால், குழந்தைகளுடன் இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்பும் குடும்பத்துக்கு 30 வெள்ளி மிச்சம் பெரிதல்ல. லிட்டில் இந்தியாவில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. அங்குள்ள மலிவு விலை ஹோட்டல்களில் பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. முன்பதிவுப் பக்கத்தில் படத்தை மட்டும் பார்க்காமல், ஜன்னல் உண்டா என்று எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள். அடுத்தது, 110 வெள்ளி என்பது பெரும்பாலும் இருவருக்கான விலை. குழந்தைகளின் வயதைக் குறிப்பிட்டுப் பதிவு செய்யாவிட்டால் வரவேற்பு மேசையில் கூடுதல் கட்டில் கட்டணம் உங்களுக்காகக் காத்திருக்கும். ஞாயிறு மாலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கூடும் இடம் அது. அச்சப்பட ஒன்றுமில்லை, ஆனால் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடப்பது சிரமம்.

நான்கு இரவுக்கு 800 வெள்ளி என்று பதிவு செய்தேன். வெளியேறும்போது 960 கேட்டார்கள். இது மோசடியா? – கோவை வாசகர்

மோசடியல்ல. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்திருக்கும், நீங்கள் பார்க்கவில்லை. முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம்; இரண்டாவது குறி பொருள் சேவை வரி, அது 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல்தான் வரி கணக்கிடப்படும் என்பதால், 100 வெள்ளி ஏறத்தாழ 120 ஆகிவிடும். ஹோட்டல், பணியாளர் பரிமாறும் உணவகம், மதுக்கூடம் பெரும்பாலானவற்றில் இதே கணக்குதான். பல சிறு கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையங்களில் மட்டும் பலகையில் எழுதிய விலையே நீங்கள் கொடுக்கும் விலை. எதற்கும் சரி என்று சொல்வதற்கு முன் "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது தகுதியுள்ள கடைகளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கி, கையோடு நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லும் பொருள்களுக்கு மட்டும் உரியது; தங்கிய அறைக்கும் தின்ற சோற்றுக்கும் கிடையாது.

பரிமாறுபவருக்கு டிப்ஸ் எவ்வளவு கொடுக்க வேண்டும்? – சேலம் வாசகர்

ஒன்றும் வேண்டாம். அந்த 10 சதவீதம் போதும்.

இணையத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டை ஐந்து நாளுக்கு மிகக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். நீச்சல் குளம், சமையலறை எல்லாம் உண்டாம். காவலாளி கேட்டால் உறவினர் என்று சொல்லச் சொல்கிறார் உரிமையாளர். நம்பலாமா? – சென்னை வாசகர்

காவலாளியிடம் பொய் சொல்லச் சொன்ன அந்த ஒரு வரியிலேயே உங்களுக்கான பதில் இருக்கிறது. அதைப் படித்த பிறகும் என்னிடம் கேட்கிறீர்களே என்றுதான் எனக்கு வருத்தம். இந்தக் கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு சொற்களில், ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஒரேயடியாக விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பைத் தொடர்ச்சியாக மூன்று மாதங்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் குறைந்தபட்சம் ஆறு மாதம். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடவே கூடாது. மற்ற நாடுகளில் வழக்கமாக இருக்கும் வார வாடகை வீடு இங்கே கிடையாது என்று பொருள். விதியை மீறும் உரிமையாளருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2018இல் இப்படி வாடகைக்கு விட்ட இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் அவருக்குத்தானே, எனக்கென்ன என்று வாதிடும் வாசகர்களும் இருக்கிறார்கள். நள்ளிரவில் பெட்டி படுக்கையுடன் வாசலில் நிற்கும்போது, காவலாளி உள்ளே விட மறுத்து, உரிமையாளர் தொலைபேசியை எடுக்காமல் போனால் உங்களுக்கு என்ன என்பது அப்போது புரியும். முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கும் வழியிருக்காது, ஏனெனில் ஒப்பந்தமே சட்டத்துக்கு வெளியே செய்யப்பட்டது. இன்னொன்றையும் யோசியுங்கள்: நாட்டுக்குள் நுழையுமுன் மின்னியல் வருகை அட்டையில் தங்குமிடத்தின் முகவரியை நீங்களே எழுதித் தர வேண்டும். அங்கே எந்த முகவரியை எழுதுவீர்கள்? குடிநுழைவு அதிகாரி யார் வீடு என்று கேட்டால் அவரிடமும் உறவினர் என்று சொல்வீர்களா?

சமையலறைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மெண்டுகள் இருக்கின்றன. அவற்றில் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும். ஐந்து நாளுக்கு வருபவருக்கு ஹோட்டல்தான் வழி. குழந்தைக்குக் கஞ்சி வைக்க ஒரு மின் கெண்டி போதும், அது ஏறக்குறைய எல்லா அறைகளிலும் இருக்கும். உரிமையாளர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள்.

அந்த வருகை அட்டைக்குக் கட்டணம் கட்டியதாகவும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது இலவசம். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் நிரப்ப வேண்டும்; பணம் கேட்கும் தளம் எதுவாயினும் வெளியே வந்துவிடுங்கள்.

மரினா பே சாண்ட்ஸ் மொட்டை மாடி நீச்சல் குளத்தில், அங்கே தங்காமலே குளிக்க முடியுமா? – தஞ்சை வாசகர்

முடியாது. 57ஆம் மாடியில் உள்ள அந்தக் குளம் அங்கே தங்குபவர்களுக்கு மட்டும். கட்டணம் செலுத்திப் பார்வையாளர் தளத்திலிருந்து ஊரைப் பார்க்கலாம். கீழே நீர்முகப்பில் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் நடக்கும் ஒளி, நீர்க் காட்சி இலவசம்; குழந்தைகளுக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.

நாங்கள் தூய சைவம், முட்டையும் கூடாது. லிட்டில் இந்தியாவை விட்டால் பட்டினிதானா? – மயிலாடுதுறை வாசகி

பட்டினி இல்லை, அம்மா. ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947இல் தொடங்கிய கோமள விலாஸும் இருக்கும்வரை இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. மற்ற இடங்களில், காய்கறிதானே என்று கண்ணால் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். லக்சா என்னும் தேங்காய்ப்பால் நூடுல்ஸின் குழம்பில் உலர்ந்த இறால் அரைத்துச் சேர்ப்பார்கள். பொப்பியா என்னும் காய்கறிச் சுருளிலும் இறால் இருக்கலாம். சம்பல் பெலாச்சான் என்னும் மிளகாய்த் துவையல் என்றால் அதன் அடிப்படையே இறால் விழுது. பரோட்டாக் கடையில் வெறும் பரோட்டா கேட்டாலும் கூடவே ஊற்றித் தரும் குழம்பு மீனாகவோ ஆடாகவோ இருக்கக்கூடும். "பருப்பு மட்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்தக் கடைகளில் பலரும் தமிழ் பேசுவார்கள் என்பதால் தயங்க வேண்டியதில்லை.

சீன பௌத்த சைவக் கடைகளை நம் ஊர்க்காரர்கள் ஏன் ஒதுக்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மிடில் ரோட்டில் உள்ள ஃபார்ச்சூன் சென்டர் கட்டடத்தில் இத்தகைய சைவக் கடைகள் பல இருக்கின்றன. வாட்டர்லூ தெருவின் குவான் இம் கோயிலையும் அதை ஒட்டிய கிருஷ்ணன் கோயிலையும் பார்த்துவிட்டு நடந்தே போகலாம். தட்டில் கோழி போலவும் மீன் போலவும் தெரிவது சோயாவும் கோதுமைப் புரதமும்தான். முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் தலைக் கறி எங்கே நன்றாக இருக்கும்? – தூத்துக்குடி வாசகர்

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் முத்தூஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ இரண்டும் பெயர் பெற்றவை. எனக்கு முன்னதன் புளிப்பு பிடிக்கும். இருவர் போய்ப் பெரிய தலையை வாங்கிவிட்டு மீதம் வைக்காதீர்கள். சிறியதே 30 வெள்ளியை ஒட்டி வரும், அதற்கும் அந்த இரண்டு கூட்டல் குறிகள் உண்டு.

டுரியான் வாங்கி அறையில் வைத்துச் சாப்பிடலாமா? – ஈரோடு வாசகர்

கூடாது. அந்தப் பழத்தின் கடும் வாடைக்காக ஹோட்டலில் அபராதம் போடுவார்கள். பெருவிரைவு ரயிலிலும் ஏற்றக்கூடாது. கடை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வாருங்கள்.

நண்பர்கள் ஆறு பேர் வருகிறோம். இரவு வாழ்க்கையை அனுபவிக்க வேண்டும். எங்கே போகலாம்? எதைத் தவிர்க்க வேண்டும்? – மதுரை வாசகர்

கிளார்க் கீ ஆற்றங்கரையில் தொடங்குங்கள். நடனக் கூடங்களும் மதுக்கூடங்களும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. மாலையில் பல மதுக்கூடங்கள் சலுகை விலையில் பீர் ஊற்றுவார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் அதே குவளை 15 வெள்ளியைத் தாண்டிவிடும். கடையில் டின் வாங்கி ஆற்றுப் பாலத்தில் உட்கார்ந்து குடிக்கலாம் என்ற யோசனையை, அதுவும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், இரவு 10.30க்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதும் கடையில் வாங்கிச் செல்வதும் 2015 முதல் தடை செய்யப்பட்டவை. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் விதி இன்னும் கடுமை: சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. உரிமம் பெற்ற கூடத்துக்குள் குடிப்பதற்கு இத்தடை பொருந்தாது.

மேடையில் பாடி ஆடும் பெண்களுக்கு மாலை வாங்கிப் போடச் சொல்லும் இந்தியப் பாணிக் கூடங்களுக்குள் போனால், அந்த மாலைக்கு உங்கள் கணக்கில் எவ்வளவு எழுதப்படுகிறது என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள். மாலையில் எத்தனை பூ இருக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு கிடையாது. மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்பது இங்கேதான் மிக அவசியம்.

கடைசி ரயில் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். அதன்பின் காலை 6 மணி வரை டாக்சி மீட்டருக்கு மேல் பாதித் தொகை கூடுதல். ஆறு பேருக்கு இரண்டு வண்டி வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மின்சிகரெட்டை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இங்கே அதைப் பையில் வைத்திருப்பதே குற்றம்.

பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்? – திருச்சி வாசகர்

முதலில் விசாவைப் பாருங்கள். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பினால் அது புதிய நுழைவு. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர் திரும்பி இறங்க முடியாது என்பதால் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். திரும்பி வரும் நாளுக்கு வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் அவ்விரு நாடுகளின் அரசுத் தளங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் வாதாடிப் பயனில்லை.

அடுத்து, எந்த முனையம் என்பதைச் சீட்டில் படியுங்கள். பெரிய கப்பல்கள் 2012இல் திறந்த மரினா பே கப்பல் முனையத்திலிருந்து கிளம்புகின்றன; அதற்கு மரினா சவுத் பியர் ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும். ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது வேறு முனையம். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகுகள் போகும் இடம் அது. பெட்டிகளோடு தவறான இடத்தில் நிற்கும் குடும்பத்துக்காகக் கப்பல் காத்திருக்காது.

விளம்பரத்தில் உள்ள விலை மொத்த விலையல்ல. துறைமுக வரி, ஆளுக்கு நாளொன்றுக்கு 20 வெள்ளியை ஒட்டியோ அதற்கு மேலோ வரும் பணியாளர் கட்டணம், மது, இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் தனித்தனி. சைவ, ஜைன உணவு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் சாலட்தான் கிடைக்கும்.

ஏழாம் மாதக் கர்ப்பம். கப்பலில் ஏற்றுவார்களா? – நாகர்கோவில் வாசகி

ஏற்ற மாட்டார்கள். 24 வாரத்தை எட்டியவர்களைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்பதில்லை. குழந்தை பிறந்து ஆறு மாதமாவது ஆன பிறகு சேர்ந்தே வாருங்கள்.

கப்பலில் வாங்கும் மதுப்புட்டிக்குச் சுங்க வரி உண்டா? – வேலூர் வாசகர்

சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்திருந்தால்தான் மதுவுக்கு வரிச் சலுகை. மலேசியாவிலிருந்து நேராக வந்தால் அதுவும் இல்லை. ஆகவே இரண்டு இரவுக் கப்பலில் போகிறவர் புட்டியைத் தொடுவதற்கு முன் கடிகாரத்தையும் கப்பல் கடைசியாக நிற்கும் துறைமுகத்தையும் பார்க்க வேண்டும். சிகரெட்டுக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஒரு பெட்டியானாலும் அறிவித்து வரி கட்டுங்கள்.

மிளகாய் நண்டு சாப்பிட்டோம். நான்கு பேருக்கு 400 வெள்ளி ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? – புதுச்சேரி வாசகர்

நண்டின் விலை கிலோவுக்கு எவ்வளவு, எடை எவ்வளவு என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. நண்டு கிலோ 100 வெள்ளியை ஒட்டியே விற்கிறது, நல்ல நண்டு ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். இரண்டு நண்டு, பொரித்த பன், ஒரு மீன், நான்கு இளநீர், அதன் மேல் இரண்டு கூட்டல் குறிகள் என்றால் 400 சரிதான். மேசையில் கேட்காமலே வைத்த வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும்கூடக் காசு உண்டு. தொடாமல் திருப்பிக் கொடுத்தால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை நண்டை எடைபோடும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள், தொகையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அதன்பின் சமைக்கச் சொல்லுங்கள்.