பெடல் மிதிக்க முடியாத கால்

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஆறு மிஷின்கள் மட்டுமே உள்ள ஒரு பவர் டேபிள் (தையல்) யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைப்பவர். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எதுவும் கிடையாது. நான்கரை மாதங்களுக்கு முன் வேலை முடிந்து டூவீலரில் வரும்போது கார் மோதி, வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டில் நடந்தது. இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வாரச் சம்பளம் நின்று, இருந்த நகையெல்லாம் அடகுக்குப் போய்விட்டது. குழுக்கடன் வசூல் செய்பவர் இரவு எட்டு மணிக்கும் போன் செய்கிறார். கார்க்காரர் 20,000 ரூபாய் தருவதாகவும், வழக்கு வேண்டாம் என்று எழுதித் தரும்படியும் கேட்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
- வாசகி, அவிநாசி

பதில்: எழுதித் தராதீர்கள். காருக்குக் காப்பீடு இருந்தால் இழப்பீட்டைத் தரப்போவது காப்பீட்டு நிறுவனம்தான் என்பதால், கார்க்காரரின் கைப்பணம் போய்விடுமே என்று நீங்கள் இரக்கப்படத் தேவையில்லை.

உங்களுக்கு இப்போது முக்கியம் நாள் கணக்கு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். இந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும், அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். வட்டியும் பெரும்பாலும் மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால், தாமதித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

காப்பீட்டு அட்டை அறுவை சிகிச்சையோடு நின்றுவிடும்; குடும்பத்தை உண்மையில் சாய்ப்பது டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் மாதங்கள்தான். வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வருமானம், பிசியோதெரபி, ஆட்டோ செலவு, சத்துணவு, கூடவே இருந்து கவனித்துக்கொண்ட உங்கள் உழைப்பு ஆகிய அனைத்தையும் இழப்பீட்டில் கேட்க முடியும். ஆட்டோக்காரர் பில் தரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நோட்டில் தேதி, போன இடம், கொடுத்த தொகை ஆகியவற்றை அன்றன்றே எழுதி, பிசியோதெரபி சீட்டை அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இதுவரை எழுதாத மாதங்களுக்கு ஜிபே பதிவுகளிலிருந்து கணக்கெடுங்கள். சம்பளச் சீட்டு இல்லையே என்ற கவலையும் வேண்டாம். யூனிட் உரிமையாளரைச் சாட்சியாக அழைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் தீர்ப்பாயமே ஓர் உத்தேச வருமானத்தை நிர்ணயிக்கும்.

ஊனச் சான்றிதழில் வரும் சதவீதத்தைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், உடலின் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று தெளிவாக்கியது. இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமானம் ஏறக்குறைய முழுவதும் போய்விடலாம், அதே இழப்புக்கு ஆளான அரசு எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம் என்று விளக்கியது. உங்கள் கணவர் நாள் முழுக்கப் பெடல் மிதிப்பவர். முட்டி எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்பதை மருத்துவர் எழுத்தில் குறிப்பிடும்படி கேளுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், திருப்பூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100. 'வரும் தொகையில் இத்தனை சதவீதம்' என்று பேரம் பேசுபவரிடம் போகாதீர்கள். பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

தீர்ப்பாயத்துப் பணம் இந்த மாத அரிசிக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் குழுக்கடன் நிறுவனத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைத்து, தவணையைத் தள்ளித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். குழுக்கடன் போன்ற நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இரவு எட்டு மணி அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.