கவலைக்கு கால் மணி நேரம்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்டுக்காரருக்கு வேலையில்லை. படுத்தால் கடன் நினைப்புதான். ‘நல்லதையே நினை’ என்கிறார்களே, எப்படி?
- வாசகி, காசிமேடு

பதில்: மனதை அதட்டாதீர்கள்; தள்ளத் தள்ள அதே நினைப்புதான் திரும்பி வரும். மாலை 6 மணிக்கு 15 நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். படுக்கையில் வேண்டாம், வாசற்படி போதும். நோட்டில் இரண்டு பத்தி: நாளை செய்யக்கூடியது, நம் கையில் இல்லாதது. இரவில் கவலை வந்தால் ஒரு சொல் குறித்து, மறுநாள் 6 மணிக்குத் தள்ளுங்கள்.

தூங்குமுன் அன்று நடந்த மூன்று நல்லவை, காரணத்தோடு. ‘குடும்பம் நலம்’ என்று தினமும் எழுதினால் நாலே நாளில் சலித்துவிடும். ‘வலை பின்னிய கூலி வந்தது, நேற்றே கேட்டதால்’ என்று எழுதுங்கள். (கடன் இதனால் குறையாது, தூக்கம் வரலாம்.)

இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லையென்றால் நோட்டு போதாது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இலவசம்.