துறைவாரியாகப் பிரிக்கலாமா?

கேள்வி: காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஐ.டி. பிரிவில் ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். சிஸ்டம் வரைபடங்கள், தரநிலைகள், ஒப்புதல் குறிப்புகள் எல்லாம் ஆர்ச்சி என்ற வரைபட மென்பொருளிலும் ஒரு பொது ஃபோல்டரிலுமாகக் குவிந்து கிடக்கின்றன. துறைவாரியாகப் பிரித்துவிடச் சொல்கிறார் மேலாளர். செய்யலாமா சார்?

பதில்: வேண்டாம். இன்று க்ளெய்ம்ஸ் துறையில் இருக்கும் வேலை அடுத்த ஏப்ரலில் வேறு துறைக்குப் போய்விடும். அது போகட்டும், பாலிசிதாரர் விவரங்களை வைத்திருக்கும் சிஸ்டம் எந்தத் துறையில் வரும்? அண்டர்ரைட்டிங், க்ளெய்ம்ஸ், அக்கவுண்ட்ஸ் மூவருமே தங்களுடையது என்பார்கள். ஆளுக்கொரு படம் வரைந்துகொள்வார்கள். கொஞ்ச நாளில் மூன்றும் மூன்று கதை சொல்லும்.

ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்து, 'இதை மாற்ற யார் கையெழுத்து வேண்டும்?' என்று கேளுங்கள். வரும் பதிலை வைத்துப் பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தி ஓப்பன் குரூப் அமைப்பு 2009-ல் வெளியிட்ட டோகாஃப் 9 என்ற ஆர்க்கிடெக்சர் வழிகாட்டி, இப்படிப்பட்ட ஆவணக் களஞ்சியத்துக்குப் பல பகுதிகள் சொல்கிறது. எல்லாம் உங்களுக்கு வேண்டாம். லேண்ட்ஸ்கேப் (சிஸ்டங்களின் வரைபடங்கள்), தரநிலைகள், ரெஃபரன்ஸ் மாதிரிகள் (திரும்பப் பயன்படுத்தும் முன்மாதிரிகள்), கவர்னன்ஸ் லாக் (ஒப்புதல், விலக்குகளின் பதிவேடு), இந்த நான்கில் தொடங்குங்கள்.

தலைவலி லேண்ட்ஸ்கேப்பில்தான். அதற்குள் காலத்தையும் பிரிக்க வேண்டும்: இன்று ஓடுவது, ஒப்புதல் கிடைத்த எதிர்காலம், வெறும் யோசனை. இன்னும் வாங்கவே வாங்காத பேமென்ட் கேட்வேக்கு ஒரு டீம் இன்டர்ஃபேஸ் டிசைன் செய்துகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். "படத்தில் இருக்கிறதே சார்" என்றார்கள். இருந்தது உண்மைதான், யாரோ ஆசைப்பட்டு வரைந்த படம்! யோசனைகளுக்கு ஒப்புதல் வரும்வரை மற்ற டீம்களின் கண்ணில் படாமல் வையுங்கள்.

தரநிலைகளுக்கு நிலை குறிப்பது அவசியம். டோகாஃப் ஐந்து நிலைகள் சொல்கிறது: முன்மொழியப்பட்டது, சோதனையில் இருப்பது, நடப்பில் இருப்பது, விடைபெறப் போவது, காலாவதியானது. நான்காவதில்தான் சண்டை வரும். அந்த நிலையில் உள்ள டேட்டாபேஸ் வெர்ஷனில் ஏற்கெனவே ஓடும் சிஸ்டம் ஓடட்டும். புதிதாக அதில் எதையும் கட்ட விடாதீர்கள். கெஞ்சிக் கேட்டு யாராவது விலக்கு வாங்கினால், அது முடியும் தேதியோடு கவர்னன்ஸ் லாக்கில் ஏற வேண்டும். அந்த லாக்கில் பழைய பதிவைத் திருத்தும் அனுமதி யாருக்கும் இருக்கக் கூடாது, உங்களுக்கும்தான்.

மாதிரிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், மெதுவாகச் சேரும்.

ஆர்ச்சியில் பகுதிக்கொரு மாடல் ஃபைல் திறந்துவிடாதீர்கள். ஒரு மாடலிலிருந்து இன்னொன்றுக்கு காப்பி செய்தால் அது தனிப் பொருளாகிவிடும், ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதில் வராது. ஒரே மாடலுக்குள் ஃபோல்டர்களாகப் பிரியுங்கள். புதுப் படம் வரையும்போது, ஏற்கெனவே உள்ள சிஸ்டத்தை இடப்பக்க மாடல் ட்ரீயிலிருந்து இழுத்துப் போடுங்கள், புதிதாக உருவாக்காதீர்கள். துறைப் பெயரை அந்தப் பொருளின் ப்ராப்பர்ட்டியில் எழுதிவிடலாம். மேலாளர் கேட்கும்போது சிஎஸ்வி (எக்செலில் திறக்கும் பட்டியல்) எடுத்து, பொருள்களின் ஃபைலையும் ப்ராப்பர்ட்டி ஃபைலையும் ஐடி வைத்து எக்செலில் இணைத்து, துறைவாரியாக ஃபில்டர் போட்டுக் கொடுங்கள். அவருக்கு வேண்டியது அநேகமாக அந்தப் பட்டியல்தான்.