சராசரியைக் காட்டலாம், பதிவைக் காட்ட வேண்டாம்

சிறிய மருத்துவமனைகளுக்கு மென்பொருள் சேவை தரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மருத்துவமனைகளின் சிகிச்சைப் பதிவுகளைக் கிளவுட் சர்வரில் ஏற்றி, கண்புரை, குடலிறக்கம் என ஒவ்வோர் அறுவை சிகிச்சைக்கும் ஆகும் சராசரிச் செலவைக் கணக்கிடுகிறோம். அதை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் தொகை நிர்ணயிக்கிறது. கணக்கு சரியென்று நிரூபிக்கச் சொல்கிறார்கள்; நோயாளிகளின் பதிவுகளையோ காட்ட முடியாது. ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் உதவுமா? கிளவுட் நிறுவனத்தின் கண்ணிலும் படாமல் செய்ய முடியுமா?"

ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்பது, தரவைக் காட்டாமலேயே அதை வைத்துப் போட்ட கணக்கு சரியென்று நிரூபிக்கும் கணித முறை. முதல் கேள்விக்கு, உதவும். இரண்டாவதற்கு, உதவாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் விளம்பரங்கள் ஏராளம்.

கணினி அறிவியலாளர்கள் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ராக்காஃப் மூவரும் 1985இல் முன்வைத்த இந்த முறையில் இரண்டு தரப்பு உண்டு: சான்று தயாரிப்பவர், சரிபார்ப்பவர். ரகசியம் மறைக்கப்படுவது சரிபார்ப்பவரிடமிருந்து மட்டுமே. தயாரிப்பவர் எல்லாப் பதிவுகளையும் படித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் தயாரிப்பவர் அந்தக் கிளவுட் சர்வர்தான். பதிவுகள் அதன் நினைவகத்தில் திறந்தே கிடக்கும்.

கிளவுடிடமிருந்தும் மறைக்க வேண்டுமென்றால் வழி வேறு. ஏஎம்டி, இன்டெல் சில்லுகளில் நினைவகத்தையே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து இயங்கும் சர்வர்களை வாடகைக்கு எடுக்கலாம். அப்போது நீங்கள் சில்லு தயாரித்தவரை நம்புகிறீர்கள். மறையாக்கம் செய்த தரவின் மீதே கணக்குப் போடும் முறைக்கு 2009இல் கணினி அறிவியலாளர் கிரெய்க் ஜென்ட்ரி வழி திறந்தார். அதோடு சான்றையும் சேர்த்தால் வேகம் படுத்துவிடும், உங்களுக்கு அது தேவையும் இல்லை. மாதத்துக்குச் சில ஆயிரம் பதிவுகள்தானே? மருத்துவமனையின் சொந்தக் கணினியிலேயே சான்றைத் தயாரித்து, அதை மட்டும் வெளியே அனுப்புங்கள். என் பரிந்துரை இதுதான். சான்று தயாரித்துத் தரும் இணையச் சேவைகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பதிவுகளை அனுப்பினால் பழைய சிக்கலே வேறு வாசல் வழியாக வந்துவிடும்.

கருவிக்கு வருவோம். ஒரு நிரல் சரியாக ஓடியது என்பதற்குச் சான்று தயாரிக்கும் மென்பொருள்கள் உண்டு. ரிஸ்க் ஜீரோ, எஸ்பி1 போன்ற அவற்றில் சராசரிக் கணக்கை ரஸ்ட் என்ற நிரல் மொழியில் சாதாரண நிரலாகவே எழுதலாம். ரிஸ்க் ஜீரோவில் நிரலுக்கு ஓர் அடையாள எண் கிடைக்கும். நிரலில் ஓர் எழுத்து மாறி இயங்கும் முறை வேறானாலும் எண் மாறிவிடும். நிரல் ஓடி முடிந்ததும் ஒரு ரசீது வரும். அதில் நீங்கள் வெளியிட விரும்பிய முடிவும் சான்றும் மட்டுமே இருக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு நிரலை ஒரு தடவை படித்துப் பார்த்து அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டால், மாதாமாதம் ரசீதைச் சரிபார்க்க விநாடிக்கும் குறைவான நேரம் போதும்.

தயாரிக்கும் பக்கம்தான் பாரம். வழக்கமாக ஒரு விநாடியில் முடியும் கணக்குக்குச் சான்று எடுக்கச் சாதாரணக் கணினி மணிக்கணக்கில் உழைக்கலாம். உங்கள் கணக்கு சிறியது, நிமிடங்களில் முடியும். அதற்கும் நிரலைச் சிக்கனமாக எழுத வேண்டும். ரூபாயைத் தசமப் புள்ளியோடு வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ரிஸ்க் ஜீரோவின் உள்ளே தசம எண்களுக்கென்று தனி வசதி கிடையாது. ஒவ்வொரு கூட்டலையும் பல படிகளாக உடைத்துத்தான் செய்யும். எழுத்துக் கோப்பைப் பிரித்துப் படிக்கும் வேலையையும் வெளியே முடித்துவிட்டு எண்களை மட்டும் உள்ளே அனுப்புங்கள்.

இன்னொன்று. ரிஸ்க் ஜீரோவில் சோதனைக்கென ஒரு 'டெவ் மோடு' உண்டு. அதில் ரசீது நொடியில் வரும், ஆனால் உள்ளே சான்றே இருக்காது. சரிபார்க்கும் கணினியிலும் அதே மோடு இயங்கினால் போலி ரசீதையும் ஏற்றுக்கொள்ளும். காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் அது அணைந்திருக்கிறதா என்று எழுத்திலேயே உறுதி வாங்குங்கள். பெயரில் 'இசட்கே' (ஜீரோ நாலெட்ஜின் சுருக்கம்) ஒட்டியிருக்கும் கருவிகள் எல்லாமே ரகசியம் காப்பவை என்றும் நினைத்துவிடாதீர்கள். பலவற்றின் நோக்கம் சான்றைச் சுருக்குவது மட்டுமே. எந்த வகைச் சான்று உண்மையிலேயே தரவை மறைக்கிறது என்பதை அதன் ஆவணத்தில் தேடிப் பாருங்கள்.

இனி, சான்று எதைச் சொல்லாது என்பது. 'இந்தப் பதிவுகளுக்கு இந்தச் சராசரி சரி' என்று அது சொல்லும். செலவு குறைவான பத்துப் பேரை மருத்துவமனை விட்டுவிட்டுச் சராசரியை உயர்த்தியிருந்தால், சான்று அப்போதும் சரியென்றே வரும். இதை அடைக்க, ஒவ்வொரு நாளும் பதிவு முடிந்ததும் நிரலுக்குள் அனுப்பப்போகும் அன்றைய எண் கோப்பின் ஷா-256 ஹாஷைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் குறுகிய கைரேகை போன்ற எண்; கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். அது உறைக்கு வைத்த அரக்கு முத்திரை மாதிரி. மாதக் கடைசியில் நிரல் அதே ஹாஷ்களை உள்ளேயே மீண்டும் கணக்கிட்டு, ரசீதில் வெளியிட வேண்டும். பிறகு பதிவைத் திருத்தினால் ஹாஷ் பொருந்தாது. அன்றைக்கே பொய்யாக எழுதியிருந்தால் எந்தக் கணிதமும் பிடிக்காது. அதற்குத் தணிக்கையாளர்தான் வர வேண்டும்.

ஹாஷ் எடுக்கும்போது கோப்போடு நீளமான ரகசியத் தற்போக்கு (ரேண்டம்) எண் ஒன்றையும் சேருங்கள். ஒரே நாளில் இரண்டே நோயாளிகள் வந்திருந்தால், சாத்தியமான சிகிச்சைகளையும் தொகைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஹாஷிலிருந்து பதிவை ஊகித்துவிட முடியும்.

முடிவும் காட்டிக்கொடுக்கலாம். அந்த மாதம் ஒரே ஒருவர்தான் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்றால், 'சராசரி' என்பது அவருடைய பில்லேதான். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவுக்கு எண் வெளியிடாமல் அடுத்த மாதத்தோடு சேர்க்கும் வரியை நிரலிலேயே எழுதிவிடுங்கள். ஐந்தா, பத்தா என்பதை மருத்துவமனைகளோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்த எண்ணும் நிரலுக்குள் இருப்பதால் பிறகு மாற்றினால் அடையாள எண்ணும் மாறும். காப்பீட்டு நிறுவனம் நிரலை மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.